‘எனக்கு ரிஃப்ளெக்ஸ் இல்லப்பா!’ - ஃபைட்டிங் கேம்களில் மெதுவான கைகளும் ஜெயிப்பது எப்படி?

2023 செப்டம்பர் 28. சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் களைகட்டியிருந்தன. துப்பாக்கிச் சுடுதல், நீச்சல் என ஒருபக்கம் பதக்க வேட்டை. இன்னொரு பக்கம், இ-ஸ்போர்ட்ஸ் அரங்கில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ இறுதிப் போட்டி. தென்கொரியாவின் கிம் குவான்-வூவும் சைனீஸ் தைபேயின் சியாங் யூ-லினும் 3-3 எனச் சமநிலையில் நின்றார்கள். கடைசி ஆட்டத்தை வென்று 4-3 என்ற கணக்கில் தங்கத்தைத் தட்டிச் சென்றார் கிம். இந்தியாவின் மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் பங்கேற்ற அதே பிரிவு இது.

தங்கம் வென்றபோது கிம்முக்கு வயது 44!

25 வயதைத் தாண்டினாலே ‘சீனியர்’ என்று ஓரங்கட்டும் உலகம் இ-ஸ்போர்ட்ஸ். அதிலும் ஃபைட்டிங் கேம் என்றால் கண்ணும் கையும் மின்னல் வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. அப்படியிருக்க, 44 வயதுக்காரர் ஒருவர் எப்படி ஆசியச் சாம்பியன் ஆனார்?

இந்தக் கேள்விக்கான பதில், கன்ட்ரோலரைத் தூக்கிப்போட்டுவிட்டு ‘எனக்கெல்லாம் ரிஃப்ளெக்ஸே கிடையாது’ என்று ஒதுங்கிப்போகும் எல்லோருக்கும் தேவையானது. தெருமுனை வீடியோ கேம் கடையில் ‘முஸ்தபா’வும் ஸ்ட்ரீட் ஃபைட்டரும் ஆடி வளர்ந்துவிட்டு, இன்று பிள்ளைகளிடம் தோற்றுக்கொண்டிருக்கும் 90ஸ் கிட்ஸுக்கும் சேர்த்துத்தான்!

நொடிக்கு 60 படங்கள்

ஃபைட்டிங் கேம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு குட்டி அறிமுகம். திரையில் இரண்டு பேர் நேருக்கு நேர் நிற்பார்கள். மேலே ஆளுக்கொரு ஹெல்த் பார். அடிக்கலாம், உதைக்கலாம், எகிறிக் குதிக்கலாம், பிடித்துத் தூக்கி வீசலாம், வரும் அடியைத் தடுக்கலாம். முதலில் யாருடைய பார் காலியாகிறதோ அவர் அவுட்.

இந்தச் சண்டை, நொடிக்கு 60 படங்களாகத் திரையில் ஓடுகிறது. ஒவ்வொரு படமும் ஒரு ‘ஃபிரேம்’. அதாவது, ஒரு ஃபிரேம் என்பது ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி. ஆயிரம் மில்லி விநாடிகள் சேர்ந்தால் ஒரு விநாடி. ஃபைட்டிங் கேம் ஆடுபவர்கள் நேரத்தை விநாடியில் பேசுவதில்லை. ‘இந்த அடி எத்தனை ஃபிரேம்?’ என்றுதான் கேட்பார்கள்.

இப்போது மனித உடம்புக்கு வருவோம். கண் எதிரே ஒன்று மாறுவதைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் பட்டனை அழுத்துவதற்கு ஆகும் நேரம்தான் ரியாக்‌ஷன் டைம். ஆரோக்கியமான ஒருவருக்கு இது பொதுவாக 200 முதல் 250 மில்லி விநாடி. கேம் கணக்கில் சொன்னால் 12 முதல் 15 ஃபிரேம்கள்.

ஆக, வேகமான ஒருவருக்கும் சற்றே மெதுவான ஒருவருக்கும் இருக்கும் வித்தியாசம் சுமார் 50 மில்லி விநாடி. அதாவது 3 ஃபிரேம்கள். இந்த 3 ஃபிரேம்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோல்விக்கெல்லாம் இதுதான் காரணமா என்று பார்த்துவிடலாம்.

அடிகள் மூன்று வகை

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதில் வரும் தாக்குதல்களை வேகத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, யாராலும் பார்த்துத் தடுக்க முடியாதவை. பல கேரக்டர்களின் வேகமான குத்து 4 ஃபிரேமில் வந்துவிடும். பிடித்துத் தூக்கி வீசும் ‘த்ரோ’வுக்கு 5 ஃபிரேம்தான். அதாவது, சுமார் 83 மில்லி விநாடி. கண் அதைப் பார்த்து மூளைக்குச் சொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும். இதில் 18 வயதுக்காரரும் 45 வயதுக்காரரும் ஒன்றுதான். இருவருமே ஊகிக்கத்தான் வேண்டும்.

இரண்டாம் வகை, கவனித்தால் எல்லோராலும் தடுக்கக்கூடியவை. எதிராளி குதித்து, காற்றில் பறந்து, தரையில் இறங்கச் சுமார் 45 ஃபிரேம்கள் ஆகும். முக்கால் விநாடி! ‘டிரைவ் இம்பாக்ட்’ என்ற பலமான தாக்குதல் வெளிப்பட 26 ஃபிரேம்கள் ஆகும். 15 ஃபிரேமில் எதிர்வினை செய்பவருக்குக்கூட இதில் தாராளமாக நேரம் மிச்சமிருக்கும்.

மூன்றாம் வகை, நடுவில் இருப்பவை. குனிந்து தடுப்பவரை மேலிருந்து அடிக்கும் ‘ஓவர்ஹெட்’ தாக்குதல்கள் பல, 20 ஃபிரேம்களை ஒட்டியே வருகின்றன. அதைப் பார்த்ததும் எழுந்து நின்று தடுக்க வேண்டும். எதிராளியின் அடி இலக்கில் படாமல் காற்றில் போகும்போது, அவர் கையை இழுப்பதற்குள் திருப்பி அடிப்பதும் இந்த வகைதான். இங்குதான் அந்த 3 ஃபிரேம் வித்தியாசம் உண்மையிலேயே பேசும்.

கணக்கைப் பார்த்தீர்களா? வேகமான ரிஃப்ளெக்ஸ் உள்ளவருக்குக் கிடைக்கும் சலுகை, மூன்றில் ஒரு வகையில்தான். முதல் வகையில் எல்லோரும் சமம். இரண்டாம் வகையில் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.

அப்படியென்றால், முக்கால் விநாடி எடுத்துக் குதிப்பவரிடம்கூட ஏன் அடி வாங்குகிறோம்?

மூளையில் டிராஃபிக் ஜாம்

1952-ல் வில்லியம் எட்மண்ட் ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். விளக்குகளையும் பட்டன்களையும் வைத்துச் செய்த சோதனை அது. எந்த விளக்கு எரிகிறதோ அதற்குரிய பட்டனை அழுத்த வேண்டும். விளக்குகளின் எண்ணிக்கை கூடக் கூட, பட்டனை அழுத்த ஆகும் நேரமும் கூடிக்கொண்டே போனது. ‘ஹிக் விதி’ என்று இன்றும் அதை அழைக்கிறார்கள். ஒரே ஒரு விஷயத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் வேகமாக இயங்குவார். எட்டு விஷயங்களை எதிர்பார்ப்பவர் மெதுவாகத்தான் இயங்குவார் என்பதே அதன் சாரம்.

இணையத்தில் ‘திரை பச்சையானதும் கிளிக் செய்யுங்கள்’ என்ற டெஸ்ட்டில் 220 மில்லி விநாடி எடுத்துவிட்டு, ஆட்டத்தில் அரை விநாடிகூடப் போதாமல் தவிப்பது இதனால்தான். டெஸ்ட்டில் ஒரே கேள்வி. ஆட்டத்திலோ, குதிப்பாரா, ஃபயர்பால் விடுவாரா, ஓடிவந்து பிடிப்பாரா, கீழே உதைப்பாரா என்று மூளை ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் தயாராக நிற்கிறது. இதற்கு ஃபைட்டிங் கேம் வட்டாரத்தில் ‘மென்டல் ஸ்டேக்’ என்று பெயர். மனதில் அடுக்கிவைத்திருக்கும் சுமை. அடுக்கு உயர உயர, கை தாமதமாகும்.

நம் சாலைகளில் டூவீலர் ஓட்டுபவர்களுக்கு இது நன்றாகப் புரியும். முன்னால் ஆட்டோ போனால், எந்த நொடியிலும் திரும்பும் என்று பிரேக் மீது விரலை வைத்தே ஓட்டுவோம். ஆட்டோ திடீரெனத் திரும்பும்போது வண்டி சட்டென நிற்பது, அந்த விரல் முன்கூட்டியே அங்கே இருந்ததால்தான்.

பேட்ஸ்மேனின் கண்கள்

இதே ரகசியம் கிரிக்கெட்டிலும் உண்டு. மணிக்கு 145 கி.மீ வேகத்தில் வரும் பந்து, பௌலரின் கையிலிருந்து பேட்ஸ்மேனை அடைய அரை விநாடிகூட ஆகாது. அதைச் சிறந்த பேட்ஸ்மேன்கள் ஆடுவதைப் பார்த்தால், அவர்களுக்குப் பிறவியிலேயே அதிவேக ரிஃப்ளெக்ஸ் இருப்பதாகத் தோன்றும்.

இங்கிலாந்தின் பீட்டர் மெக்லியோட் 1987-ல் வெளியிட்ட ஆய்வு அதை மறுத்தது. தரையில் பட்டபின் எதிர்பாராமல் திசைமாறும் பந்துகளுக்குத் தேர்ந்த பேட்ஸ்மேன்களும் சுமார் 200 மில்லி விநாடி எடுத்துக்கொண்டார்கள். சாதாரண மனிதர்களின் அளவுதான்!

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது 2000-ல் மைக்கேல் லேண்டும் மெக்லியோடும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது. பேட்ஸ்மேன்களின் கண் அசைவுகளை கேமராவில் பதிவுசெய்தார்கள். பந்து வந்து சேரும் வரை அவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பௌலரின் கையிலிருந்து பந்து விடுபடும் கணத்தைப் பார்க்கிறார்கள். அடுத்து, பந்து எங்கே குத்தும் என்று கணித்து, அது வருவதற்கு முன்பே பார்வையை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். திறமை கூடியவர், பார்வையை முன்னதாகவே நகர்த்திவிட்டார்.

அந்த 15 அடிகள்

ஃபைட்டிங் கேம் வரலாற்றிலேயே அதிகம் பேசப்படும் காட்சி, 2004-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ‘ஈவோ’ போட்டியில் அரங்கேறியது. ஜப்பானின் டைகோ உமெஹாரா கென் கேரக்டரிலும், அமெரிக்காவின் ஜஸ்டின் வாங் சுன்-லி கேரக்டரிலும் மோதினார்கள். டைகோவின் ஹெல்த் பாரில் மிச்சமிருந்தது ஒரு நூலளவு. அந்த நிலையில் ‘சூப்பர்’ எனப்படும் பெரிய தாக்குதலை வழக்கமான முறையில் தடுத்தாலும், தடுப்பையும் மீறிக் கசியும் சிறு சேதமே அவரை வீழ்த்திவிடும்.

ஜஸ்டின் வாங், சுன்-லியின் சூப்பரை ஏவினார். 15 உதைகள். தப்பிக்க ஒரே வழி, ‘பேரி’. உதை வந்து படும் அதே கணத்தில் ஸ்டிக்கை எதிராளி பக்கம் தட்ட வேண்டும். ஒன்று தவறினாலும் கதை முடிந்தது. டைகோ 15-ஐயும் பேரி செய்து, திருப்பி அடித்து அந்த ஆட்டத்தை வென்றார். அரங்கமே எழுந்து கத்திய அந்த வீடியோவை, 20 வருடங்கள் கழித்தும் மக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

‘என்ன ரிஃப்ளெக்ஸ்!’ என்றுதான் பார்ப்பவர்கள் வியப்பார்கள். ஆனால், அதில் ரிஃப்ளெக்ஸின் பங்கு மிகக் குறைவு. சூப்பர் தொடங்கும்போது திரை ஒரு கணம் மின்னும். மின்னியதைப் பார்த்துவிட்டு முதல் உதையைப் பேரி செய்ய நேரம் போதாது. ஸ்டிக்கை அதற்குள்ளாகவே தட்டியிருக்க வேண்டும். அதாவது, சூப்பர் வரப்போகிறது என்பதை டைகோ முன்பே எதிர்பார்த்திருந்தார். ஒரே அடியில் முடிக்கும் வாய்ப்பு கையில் இருக்கும்போது ஜஸ்டின் வேறு என்னதான் செய்வார்? மற்ற உதைகள் எல்லாம் மாறாத ஒரு தாளத்தில் வருபவை. ஜதியை மனப்பாடம் செய்வதுபோல அந்தத் தாளத்தைக் கை பழகியிருந்தது.

அப்போது டைகோவுக்கு 23 வயது. பிறகு ஒருகட்டத்தில் கேம்களை விட்டு விலகி, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்த்தார். மீண்டும் திரும்பிவந்து 2009, 2010 என அடுத்தடுத்த ஆண்டுகளில் ஈவோ பட்டத்தை வென்றார். நாற்பதைத் தாண்டிய பிறகும் தொழில்முறை லீக்கில் ஆடியவர் அவர்.

வயது என்ன செய்யும்?

வயது ஒன்றுமே செய்யாது என்று சொன்னால் அது பொய். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ என்ற வியூக கேமை ஆடும் 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அலசி, 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். திரையில் புதிய இடத்தைப் பார்த்ததற்கும் அங்கே முதல் செயலைச் செய்வதற்கும் இடைப்பட்ட நேரம், 24 வயதிலிருந்தே மெல்லக் கூடத் தொடங்குவதைக் கண்டார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. வயதில் மூத்தவர்கள் அந்தத் தாமதத்தை வேறு வழிகளில் ஈடுகட்டியிருந்தார்கள். குறுக்குவழி பட்டன்களைப் பயன்படுத்தியும், ஆட்டத்தை எளிமையாக வைத்துக்கொண்டும் அதே தரவரிசையில் நீடித்தார்கள்.

ஃபைட்டிங் கேமில் இதற்கு நல்ல உதாரணம், 2017 ஈவோவின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 இறுதிப் போட்டி. ஒருபக்கம், அசாத்திய ரிஃப்ளெக்ஸுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் பங்க், வயது 18. மறுபக்கம், டோக்கியோ பல்கலைக்கழகப் பட்டதாரியான ஜப்பானின் டோக்கிடோ, வயது 32. பட்டம் டோக்கிடோவுக்கே போனது.

மெதுவான கைகளுக்கு 6 ஆயுதங்கள்

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? அனுபவசாலிகள் பின்பற்றும் வழிகள் இவை.

1. ஒரே ஒரு கேள்வியை மட்டும் வையுங்கள். ஆட்டம் தொடங்கியதும் எல்லாவற்றையும் கவனிக்க முயலாதீர்கள். ‘இந்த ரவுண்டில் அவர் குதிப்பதை மட்டும் விடமாட்டேன்’ என்று முடிவெடுங்கள். வேறு எது வந்தாலும், ஸ்டிக்கைப் பின்பக்கமாகக் கீழே இழுத்துக் குனிந்து தடுத்தால் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம். ஓவர்ஹெட்டில் ஓரிரு அடி விழலாம். விழட்டும். ஒன்றிரண்டு சில்லறை அடிகளை வாங்கிக்கொண்டு பெரிய சேதத்தைத் தவிர்ப்பது லாபம்தான். கண்ணை உங்கள் கேரக்டர் மீது வைக்காமல் எதிராளியின் மீது வைக்க வேண்டும் என்பதும் முக்கியம். புதியவர்கள் பலர் தங்கள் கேரக்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2. தூரம்தான் கேடயம். எதிராளிக்கு மிக அருகில் நின்றால், 4 ஃபிரேம் குத்து முதல் த்ரோ வரை எல்லாமே உங்களைத் தொடும். கால் எட்டாத தூரத்தில் நின்றால், உங்களைத் தொட அவர் குதித்தாக வேண்டும், ஓடிவந்தாக வேண்டும் அல்லது ஃபயர்பால் விட்டாக வேண்டும். பத்துக் கேள்விகள் மூன்றாகக் குறைந்துவிட்டன. அந்த மூன்றுமே ஒப்பீட்டளவில் மெதுவானவை. இரண்டடி பின்னால் நகர்ந்தாலே உங்கள் ரியாக்‌ஷன் டைம் மேம்பட்டதுபோல் இருக்கும்.

3. பட்டனை முன்கூட்டியே ‘லோடு’ செய்யுங்கள். ரியூ கேரக்டர் குனிந்து உதைத்து, அது எதிராளியின் மேல் பட்டால் அதிலிருந்தே உடனடியாக ஃபயர்பாலுக்கு மாற முடியும். உதை படுகிறதா என்று பார்த்துவிட்டு ஃபயர்பாலை உள்ளிட நினைத்தால் நேரம் போதாது. அதனால், உதைத்த கையோடு ஃபயர்பாலையும் உள்ளிட்டுவிடுவார்கள். உதை பட்டால் ஃபயர்பால் வரும். காற்றில் போனால், சரியான தூரத்தில் சரியான நேரத்தில் செய்திருக்கும்பட்சத்தில், ஃபயர்பால் வராது. முடிவை கேமே எடுத்துக்கொள்ளும்! ‘பஃபர்’ எனப்படும் இந்த உத்திக்கு ரிஃப்ளெக்ஸே வேண்டாம். தூரத்தைக் கணிக்கத் தெரிந்தால் போதும்.

4. கேள்வி கேட்பவராக மாறுங்கள். தடுத்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் ரிஃப்ளெக்ஸ் அதிகம் தேவைப்படும். எதிராளியைக் கீழே வீழ்த்திவிட்டால் அவர் எழும் நேரம் உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அவர் எழும் கணத்தில் அடிப்பதா, பிடித்து வீசுவதா, சும்மா நின்று ஏமாற்றுவதா என்பதை நீங்கள் நிதானமாக முடிவு செய்யலாம். பதறவேண்டியது அவர். மெதுவான கைகளை உடையவர்கள் தற்காப்பு ஆட்டம்தான் ஆடவேண்டும் என்று நினைப்பது பெரிய தவறு.

5. பழக்கத்தை எண்ணுங்கள். அடி வாங்கி எழுந்ததும் உடனே குத்துகிறாரா? ஓரத்தில் மாட்டினால் குதித்துத் தப்பிக்கிறாரா? இரண்டு ஃபயர்பாலுக்குப் பிறகு எப்போதும் முன்னால் வருகிறாரா? அழுத்தத்தில் எல்லோரும் பழகிய வழிக்குத்தான் போவார்கள். முதல் ரவுண்டில் இப்படி இரண்டு பழக்கங்களைக் கண்டுபிடித்தால் போதும். அடுத்த ரவுண்டில் அவர் செய்வதற்கு முன்பே உங்கள் விரல் அந்தப் பட்டன் மேல் இருக்கும்.

6. வசதிகளைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் ‘மாடர்ன்’ என்றொரு கன்ட்ரோல் முறை உண்டு. ஸ்டிக்கைச் சுழற்றிச் செய்யும் சிறப்புத் தாக்குதல்களை ஒரே பட்டனில் செய்துவிடலாம். குதித்து வருபவரை அடித்து வீழ்த்த, கையின் வேலை மிச்சமாவதால் சில ஃபிரேம்கள் கிடைக்கும். அதற்கு விலையும் உண்டு. அப்படி ஒரே பட்டனில் செய்யும் தாக்குதலின் சேதம் 20% குறைவு. ‘இது சீட்டிங்’ என்று கேலி செய்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். கேம் தயாரிப்பாளர்களே கொடுத்திருக்கும் வழி இது.

காதையும் மறந்துவிடாதீர்கள். ஒளியைவிட ஒலிக்கு மனிதர்கள் சற்றே வேகமாக எதிர்வினை செய்கிறார்கள். டிரைவ் இம்பாக்ட் போன்ற பெரிய தாக்குதல்களுக்குத் தனி ஒலி உண்டு. எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதையே ஒலியால் உணர்த்தும் வசதியும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் இருக்கிறது. ‘பிளைண்ட்வாரியர்ஸ்வென்’ என்ற பெயரில் ஆடும் நெதர்லாந்து வீரருக்குப் பார்வை கிடையாது. ஒலியை மட்டுமே நம்பி, பார்வையுள்ளவர்களோடு போட்டிகளில் மோதுகிறார். பாட்டை ஓடவிட்டு கேம் ஆடுபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்!

உடம்பைத் திட்டும் முன் டிவியைப் பாருங்கள்

3 ஃபிரேம் கணக்கு நினைவிருக்கிறதா? அதைவிடப் பெரிய தாமதம் வீட்டு ஹாலிலேயே இருக்கலாம்.

டிவிக்கள், படத்தை மெருகேற்றுவதற்காகச் சில மில்லி விநாடிகளை எடுத்துக்கொள்கின்றன. சினிமா பார்க்கும் மோடில் சில டிவிக்களில் இது 50 முதல் 100 மில்லி விநாடி வரைகூடப் போகும். அதாவது 3 முதல் 6 ஃபிரேம்கள்! செட்டிங்ஸில் ‘கேம் மோட்’ என்று இருப்பதை ஆன் செய்தாலே இதில் பெரும்பகுதி காணாமல்போகும். காசு செலவில்லாமல் கிடைக்கும் ரிஃப்ளெக்ஸ் இது. கம்ப்யூட்டர் மானிட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆன்லைனில் ஆடுபவர்கள், வைஃபைக்குப் பதிலாக ரூட்டரிலிருந்து நேரடியாக கேபிள் இழுத்துக்கொள்வதும் பெரிதாக உதவும்.

அடுத்தது தூக்கம். இரவு 2 மணிக்குத் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருப்பவர், ‘இன்னும் ஒரே ஒரு மேட்ச்’ என்று உட்கார்ந்திருப்பது வீண். தூக்கம் குறைந்தால் எதிர்வினை மெதுவாவது மட்டுமல்ல. இடையிடையே கவனம் மொத்தமாகவே அறுந்துபோகும். பரீட்சைக்கு முந்தைய இரவு அம்மா சொன்ன அதே அறிவுரைதான். போட்டிக்கும் பொருந்தும்.

தினமும் 20 நிமிடம்

மேட்ச் ஆடிக்கொண்டே இருந்தால் ரிஃப்ளெக்ஸ் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பிரித்துப் பழகுவதுதான் பலன் தரும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ன் டிரெயினிங் மோடில், எதிரே நிற்கும் பொம்மை எதிராளிக்குச் சில அசைவுகளைப் பதிவுசெய்து, அவற்றைக் குலுக்கல் முறையில் செய்யவைக்கலாம்.

முதல் 5 நிமிடம், பொம்மை குதிப்பதை மட்டும் பதிவுசெய்து அடித்து வீழ்த்துங்கள். எந்தத் தாக்குதல், எந்த பட்டன் என்பதை முன்பே முடிவுசெய்துவிடுங்கள். அடுத்த 5 நிமிடம், ‘குதிப்பது’, ‘சும்மா முன்னே நடப்பது’ இரண்டையும் குலுக்கலில் விடுங்கள். நடந்து வரும்போது பட்டனைத் தொடாமல் இருப்பதும் பயிற்சிதான். அடுத்த 5 நிமிடம், டிரைவ் இம்பாக்ட்டையும் சேர்த்து மூன்றாக்குங்கள். கை தடுமாறுவதை நீங்களே உணர்வீர்கள். ஹிக் விதி உங்கள் விரலிலேயே தெரியும்! கடைசி 5 நிமிடம் உண்மையான ஆளோடு ஆடுங்கள். ஜெயிப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், அவர் குதித்ததில் எத்தனையை வீழ்த்தினீர்கள் என்பதை மட்டும் எண்ணுங்கள்.

ஒரு வாரம் இப்படிச் செய்தால் உங்கள் ரியாக்‌ஷன் டைம் மாறியிருக்காது. பச்சைத் திரை டெஸ்ட்டில் பழைய நம்பர்தான் வரும். ஆனால், மூளை முன்பு யோசித்துச் செய்ததை இப்போது யோசிக்காமல் செய்யும். அடுக்கில் ஒரு சுமை இறங்கியிருக்கும். அந்த இடத்தில் அடுத்த விஷயத்தை வைக்கலாம்.

எல்லாப் போட்டிகளிலும் இது போதுமா என்றால், உச்சியில் போதாமல் போகலாம். உலகின் முதல் பத்து இடங்களுக்கு மோதும்போது அந்த 3 ஃபிரேம்களும் கணக்கில் வரும். இளமையின் சாதகத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால், வீட்டு ஹாலில் தம்பியிடம் தோற்பவருக்கும், ஆன்லைனில் ஒரே தரவரிசையில் மாதக்கணக்காகத் தேங்கி நிற்பவருக்கும், ‘எனக்கு வயசாகிடுச்சு’ என்று ஒதுங்கும் அப்பாவுக்கும் தடையாக இருப்பது பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்றுதான். தவறான தூரம், பழகாத கை, கேம் மோட் போடாத டிவி, ஒரே நேரத்தில் பத்து விஷயங்களைப் பார்க்கும் கண்.

இவை அத்தனையும் மாற்றக்கூடியவை. இன்று மாலை கன்ட்ரோலரைக் கையில் எடுக்கும்போது, எதிராளி குதிப்பதை மட்டும் பாருங்கள். முக்கால் விநாடி என்பது நீங்கள் நினைப்பதைவிட ரொம்பப் பெரிய நேரம்!